இரண்டு கட்டம் போதவில்லை

கருத்துக்கணிப்பு அலுவலகச் சுவரில் புது வரைபடத்தை ஒட்டியிருந்தார்கள். கடலோரம் முழுக்கப் பச்சை. அனல்மின் நகரம் மட்டும் அப்பட்டமான சிவப்பு. நிலக்கரியைக் கைவிட்டுக் காற்றாலைக்கும் சோலாருக்கும் மாறும் திட்டத்தை ஆதரித்தால் பச்சை, எதிர்த்தால் சிவப்பு.

அந்தச் சிவப்புக்கான படிவங்களை வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கி வந்தவள் அலுவலகக் களப்பணியாளர் ஒருத்தி. கேள்விக்காரி என்றால்தான் அலுவலகத்தில் அவளைத் தெரியும். பிறந்து வளர்ந்ததும் அதே நகரம்; அவளுடைய அண்ணன் இன்றும் அங்கே பாய்லர் பார்க்கிறான்.

"நிலக்கரி ஊர்க்காரங்க வேற எப்படிச் சொல்வாங்க? வானம் கறுத்தா அவங்களுக்கென்ன, வெளுத்தா என்ன!" என்றார் அதிகாரி.

அவளுக்குச் சுருக்கென்றது. "சார், படிவத்தைப் படிச்சீங்களா?"

"டிக்கெல்லாம் எண்ணியாச்சே."

"டிக்கை எண்ணினீங்க. ஓரத்துல எழுதியிருக்கிறதை யார் படிச்சாங்க?"

அலமாரியிலிருந்து படிவக் கட்டை இறக்கி அவர் மேஜையிலேயே பிரித்தாள். முந்நூறு படிவத்தில் பாதிக்கு மேல் ஓரங்களில் பேனாக் கிறுக்கல். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். 'மூடுங்க, ஆனா வேற வேலை குடுத்துட்டு மூடுங்க.' 'என் பொண்ணுக்கு இழுப்பு. சாம்பல் வேண்டாம், சம்பளம் வேணும்.' 'பாய்லரையே மேய்க்கிறோம், காத்தாடியை மேய்க்க மாட்டோமா?'

"நீங்க குடுத்தது ரெண்டே கட்டம் சார். நடுவுல நிக்கிற மனுஷன் எங்க போவான்? ஓரத்துலதான் எழுதுவான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது சரிதான்னே வெச்சுக்குவோம். ஆனா உங்க அண்ணன் அங்க வேலை பார்க்கிறார். சொந்த ஊருக்குப் பரிஞ்சு பேசறீங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொன்னா?"

கோபம் மூக்கு நுனிவரை வந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான். "அப்போ என்னை அனுப்பாதீங்க. கடலோரத்துக்குப் போன நம்ம ஆபீஸ் அக்கா எங்க ஊருக்குப் போகட்டும். நான் அவங்க பக்கம் போறேன். ரெண்டு இடத்துலயும் கூடவே ஒரே ஒரு கேள்வி: 'என்ன செஞ்சா சம்மதிப்பீங்க?'"

பத்து நாள் கிடைத்தது.

கடலோரத்தில் வாய் நிறையச் சிரித்து வரவேற்றார்கள். "காத்தாடியா? தாராளமா வரட்டும்மா!" என்றார் வலைக் கடைக்காரம்மா.

"உங்க வீட்டுக்குப் பின்னால வந்தா?"

"ஐயய்யோ! நாள் முழுக்க விர்ரு விர்ருன்னு கத்துமே! அந்தப் பக்கம் போடச் சொல்லு." அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் இந்தப் பக்கத்தைக் கை காட்டினார்கள். படகுக்காரர்களோ, கடலில் தாங்கள் போகும் வழியை மறிக்கக் கூடாது என்றார்கள். ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். எங்கள் ஊரைவிட இவர்கள் மோசம் என்று தோன்றிய எண்ணத்தையும் அடக்கிக்கொண்டாள். பயப்படுகிற குரல் அவளுக்குப் பழக்கமான குரல்தானே.

பதினோராம் நாள் இரண்டு கட்டும் மேஜைக்கு வந்தன. வேலைப் பயிற்சி முதலில் வந்தால் சம்மதம் என்று அனல்மின் நகரத்தில் பத்துக்கு ஏழு பேர். இடத்தை எங்களைக் கேட்டு முடிவுசெய்தால் சம்மதம் என்று கடலோரத்தில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு பேர்தான்.

"அடிக்க வருவாங்கன்னு நெனச்சுப் போனேன் சார்," என்றாள் அனல்மின் நகரம் போய் வந்த அக்கா. "உட்கார வெச்சு, பாய்லரை எப்படி அணைக்கணும்னு எனக்கே பாடம் எடுத்துட்டாங்க!"

அதிகாரி எழுந்து போய்த் தன் கையாலேயே வரைபடத்தைக் கிழித்தெடுத்தார். திட்டக் குழுக் கூட்டத்தில் அவளையே பேசச் சொன்னார்.

இரண்டு கட்டுப் படிவங்களையும் குழுவின் முன்னால் வைத்தாள். நிமிர்ந்து பேசினாள். "எங்க ஊரும் அவங்க ஊரும் எதிரெதிர் கட்சி இல்லீங்க. எங்களைக் கேட்டுட்டுச் செய்ங்கன்னுதான் ரெண்டு பேரும் சொல்றாங்க."

முதல் பாய்லர் அணைவதற்கு ஓராண்டு முன்பே பயிற்சி நிலையம் திறக்க வேண்டும் என்று திட்டத்தில் சேர்த்தார்கள். அவளுடைய கேள்வியையும் எல்லா ஊர்ப் படிவங்களிலும் அச்சடித்தார்கள்.

அறிக்கை வெளியான அன்று, வேலை முடிந்த கையோடு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அண்ணன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஷிஃப்டு மாறும்போது எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். நம்ம பேச்சை யாருப்பா அப்படியே எழுதினதுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என் தங்கச்சின்னு சொன்னேன்." அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தான். "பாய்லர் சத்தத்துல சிலருக்குக் கேக்கலை. கத்தியே சொன்னேன்."