துடைத்துவிட்டு எடுத்த படம்

"வீட்ல எத்தனை பேருங்கண்ணா யூஸ் பண்ணுவீங்க?" என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் ஷோயப் கேட்டதும், கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த மவுஸ்களைப் பார்ப்பவள்போல அருணா குனிந்துகொண்டாள்.

"மூணு பேரு," என்றான் அவள் கணவன் ஆஞ்சப்பன்.

"பசங்க படிக்கிறாங்களா?"

"ஒரு பொண்ணு. மூணாவது."

சுவாதி மூன்றாவதுதான் படித்தாள். காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் போய்விட்டாள். பதினோரு மாதம் ஆகிறது. அவள் அப்பன் வாயில் மட்டும் அவள் இன்னும் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறாள். அருணா திருத்தவில்லை. திருத்துவதற்கு அவளுக்குத் தெம்பும் இல்லை.

"அப்போ படிப்புக்கு, பாட்டு கேக்க, கரண்ட் பில்லு கட்ட. சின்ன மெஷினே போதும்ணா."

"போட்டோ எடிட்டிங் பண்ணணும். அதுக்குத்தான் முக்கியமா."

"எஸ்.பி. ரோட்டுல விசாரிச்சிட்டீங்களா? பெங்களூர்ல விலை கேட்டுட்டு இங்க வந்து என் மூஞ்சியப் பாக்கறதுதான் ஓசூர்க்காரங்க வழக்கம்," என்று ஷோயப் சிரித்தார். அதற்குள் போன் அடித்தது. "பர்த்தீனி சார், ஐது நிமிஷா," என்று, ஐந்து நிமிடத்தில் வருவதாகக் கன்னடத்தில் யாரையோ சமாதானம் செய்துவிட்டுத் திரும்பினார்.

ஆஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு எழுதி வைத்தது. இருப்பதிலேயே பெரிய ரேம், பெரிய கிராபிக்ஸ் கார்டு. ஷோயப் படித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"கல்யாண ஆல்பம் போடற ஸ்டூடியோக்காரங்ககூட இவ்வளவு வாங்க மாட்டாங்கண்ணா. வீட்டுக்கு எதுக்கு? போட்டோதான்னா காச ஸ்கிரீன்ல போடுங்க. நல்ல மானிட்டர் கலர்ல பொய் சொல்லாது. மத்ததெல்லாம் நடுத்தரமா இருந்தா போதும்."

"இல்ல. ஒரு போட்டோவ தெளிவாக்கணும்," என்று போனை நீட்டினான்.

மூக்கண்டப்பள்ளியில் கம்பெனிக்குப் போகிறவர்கள் போனை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். உள்ளே யாரும் படம் எடுக்காதபடி, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி போனின் கேமராக் கண்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஷிப்ட் முடிந்து வரும்போது அது கிழியாமல் இருக்க வேண்டும். வெளியே வந்து நகத்தால் சுரண்டி எறிந்துவிடுவார்கள். ஸ்டிக்கர் போகும், பசை போகாது. நாள்தோறும் ஒட்டி ஒட்டி, ஆஞ்சப்பன் போனின் கண்ணில் வெள்ளையாக ஒரு படலம் விழுந்திருந்தது. நாளைக்கும் ஒட்டத்தானே போகிறார்கள் என்று அவன் அதைத் துடைத்ததே இல்லை. அந்தக் கண்ணால்தான் மகளை நான்கு வருடம் படமெடுத்தான். அருணாவிடம் இருந்ததோ பட்டன் போன். பள்ளி அடையாள அட்டையில் ஒரு படம் உண்டு. அதிலும் பாதி முகத்தில் முத்திரை.

வருஷம் திரும்புவதற்குள் மகள் முகத்தைத் தெளிவாக்கி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும். இரண்டு மாதமாக அவனுக்கு வேறு பேச்சில்லை. தான் துடைக்காமல் விட்டதை ஒரு மெஷின் துடைத்துத் தரும் என்று நம்பினான். அது பலிக்காவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவான் என்பதுதான் அருணாவின் பயம்.

"இங்கயே ஒண்ணு போட்டுப் பாக்கலாமாங்க?" என்று கேட்டாள்.

ஷோயப் போனைக் கேபிளில் மாட்டினார். பெரிய திரையில் சுவாதி வந்தாள். பிறந்தநாள் பாவாடை, கையில் கேக் துண்டு. முகம் இருக்கும் இடத்தில் மார்கழிப் பனி.

"இப்பல்லாம் இதுக்குன்னே சாப்ட்வேர் இருக்குதுண்ணா," என்று ஷோயப் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அது போன இடமெல்லாம் பனி விலகியது. கண் வந்தது, இமை வந்தது, கன்னம் வந்தது. சிரிப்பு வந்தது.

"அருணா, பாரு. பாருடி," என்றான் ஆஞ்சப்பன். பதினோரு மாதத்தில் அவன் முகம் இப்படி மலர்ந்து அவள் பார்த்ததில்லை.

அவள் பார்த்தாள். முத்துமுத்தாகப் பல் வரிசை. சுவாதிக்கு முன்பல் பாதி உடைந்திருக்கும். சிப்காட் வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டதில் பெட்ரோல் டேங்க்கில் இடித்து உடைந்தது. அன்றைக்குப் பிள்ளையைவிட அப்பன்தான் அதிகம் அழுதான். 'இது நம்ம புள்ள இல்லீங்க' என்ற வார்த்தை அருணாவின் தொண்டை வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள். அவனுக்கு இதுவே போதுமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆஞ்சப்பன் சிரித்தபடியே திரையை நெருங்கினான். விரல் அந்தப் பல்லின்மேல் போய் நின்றது. சிரிப்பு மெல்ல இறங்கியது.

"பல்லு உடைஞ்சிருக்கணும் தம்பி."

"அது... மெஷினுக்குத் தெரியாதுண்ணா. மறைஞ்சிருக்கறத அதால பாக்க முடியாது. வேற ஆயிரம் புள்ளைங்க முகத்தப் பாத்து வெச்சிருக்கும். அதுல இருந்து ஒண்ண ஒட்டிடும்."

"பெரிய மெஷினா இருந்தா?"

"இதையேதான் இன்னும் சீக்கிரமா போடும்," என்ற ஷோயப், இருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "பாப்பாவ ஒரு நாள் கூட்டிட்டு வாங்கண்ணா, நானே நல்லா..." என்று தொடங்கியவர், அருணா தலையசைத்த விதத்தில் அப்படியே நிறுத்திக்கொண்டார். ஸ்டூலை இழுத்து ஆஞ்சப்பன் பக்கம் போட்டார்.

அவன் உட்காரவில்லை. "எல்லாத்தையும் காட்டுங்க," என்றான்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பனிக்குள் ஊஞ்சல், பனிக்குள் சைக்கிள், பனிக்குள் ஜவளகிரி மாமன் வீட்டு ஆட்டுக்குட்டி. பிறகு திடீரென்று ஒரு படம் பளிச்சென்று வந்தது. ஆஞ்சப்பன் வண்டி கழுவுகிறான். அருணா கையில் டியூப். தண்ணீரை அவன்மேல் பீய்ச்சிவிட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். ஒவ்வொரு நீர்த்துளியும் தெரிந்தது.

"இது எந்தப் போன்ல எடுத்தது?" என்றான் ஆஞ்சப்பன்.

"இதே போனுதாண்ணா."

அருணாவுக்குப் புரிந்துவிட்டது. "அவ எடுத்ததுங்க," என்றாள். "உங்க போனுக்குப் பீளை கட்டியிருக்குதும்பா. பின்னலத் தடவி, அந்த எண்ணெய் விரலால கேமராவத் தேய்ப்பா. அப்புறம் பாவாடையில துடைப்பா. துடைச்சுட்டுத்தான் எடுப்பா. மறுநாள் திரும்ப ஒட்டிடுவாங்க."

ஷோயப் மெதுவாகப் படத்தைக் கீழே நகர்த்தினார். ஈரத் தரையில் காலை வெயில் ஒரு நிழலைப் போட்டிருந்தது. இரண்டு பின்னல், விரிந்த முழங்கைகள், முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்த போன். விளிம்பு துளியும் கலையாத நிழல்.

ஆஞ்சப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான். வாயைத் துண்டால் அழுத்திக்கொண்டு குலுங்கினான். அருணா அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வாசலில் வந்து நின்ற ஒருவரை ஷோயப் கையசைத்து அனுப்பிவிட்டு, வெளியே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆஞ்சப்பன் கேட்டான். "அந்தப் பொய் சொல்லாத ஸ்கிரீன் எது தம்பி?"

நடுத்தர மெஷினையும் நல்ல மானிட்டரையும் எடுத்துக்கொண்டார்கள். சரிசெய்த படத்தை அழித்துவிடச் சொன்னான். சிபியூவை மறுநாள் அனுப்புவதாக ஷோயப் சொன்னார். மானிட்டரை மட்டும் இப்போதே கொண்டுபோக வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தான்.

வண்டியில் இருவருக்கும் நடுவில் அந்தப் பெட்டி உட்கார்ந்தது. அருணா இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் சிப்காட் பக்கம் திரும்பியதுமே, "மெதுவாங்க, மெதுவா," என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வருவாள். இன்று சொல்லவில்லை. வேகத்தடைக்கு வெகுதூரம் முன்பே ஆஞ்சப்பன் வேகத்தைக் குறைத்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வண்டியை அடிமேல் அடி வைத்து ஏற்றி இறக்கினான். பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.