பருப்பு விலை இருபத்தாறு

வெள்ளிக்கிழமை தோறும் கோவில்பட்டியில் இரண்டு மளிகைக் கடைகளில் விலை கேட்டு எழுதுவது என் வேலை. அதே கடை, அதே சரக்கு, அதே கிழமை. இரண்டு கடை விலையையும் கூட்டி இரண்டால் வகுத்து மேலே அனுப்ப வேண்டும். அதை வைத்து விலைவாசிப் புள்ளி போடுவார்கள். புள்ளி ஏறினால் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலை ஆட்களுக்குப் பஞ்சப்படி ஏறும்.

ஒரு கடை வன்னியபெருமாளுடையது. இன்னொன்று அவர் மைத்துனருடையது. சராசரி என்பது சில சமயம் இரண்டு பொய்யைக் கூட்டி இரண்டால் வகுப்பதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

1998இல் பஞ்சப்படி ஒரு நாளைக்கு முப்பது பைசாதான் ஏறியது. வன்னியபெருமாளின் மனைவி அமுதவள்ளி தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். மகள் பானுவை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்க அந்த ஏற்றத்தைத்தான் நம்பியிருந்தாள். கடைக் காசு கடைக்கே சரியாய்ப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை நான் வன்னியபெருமாள் கடையில் சோடா குடித்துக்கொண்டிருந்தபோது நேரே என்னிடம் வந்தாள்.

"விலைவாசி ரொம்ப ஏறலன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காவ. எந்த ஊர்ல ஏறல, அண்ணாச்சி?"

பெருமையாக நோட்டைத் திறந்தேன். "துவரம்பருப்பு கிலோ இருபத்தாறு."

"இந்தக் கடையிலயா?"

அவள் போய் விலைப்பலகையைத் திருப்பினாள். முப்பத்திநாலு. வெள்ளிக்கிழமை மட்டும் அது சுவரைப் பார்த்துத்தான் இருக்கும். கேட்டு எழுதச் சொன்னார்களே தவிர, எனக்கு யாரும் பார்த்து எழுதச் சொல்லவில்லை.

"சர்க்கார் ஆளு நோட்டும் கையுமா வந்து நின்னா உள்ள விலையவா சொல்லுவாக? வரி போட்டுட்டா?" என்றார் வன்னியபெருமாள்.

அமுதவள்ளி சண்டை போடவில்லை. அடுத்த வெள்ளி, நான் வந்த நேரம் பார்த்து, பையும் கையுமாக இருபது பெண்களோடு வந்தாள்.

"பருப்பு இருபத்தாறாம்லா, நோட்டுல இருக்கு. ஆளுக்கு ஒரு கிலோ போடுங்க."

ஏழாவது கிலோவில் மனிதர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "முப்பத்திநாலு! எழுதிக்கிடுங்க, சார்! எண்ணெய், புளி எல்லாத்துக்கும் உள்ளதச் சொல்லுதேன்!"

மைத்துனர் கடையிலும் பலகையைப் பார்த்தேன், அங்கேயும் முப்பத்திநாலு; எழுதி அனுப்பினேன். ஒரே வாரத்தில் எட்டு ரூபாய் ஏறக் காரணம் என்ன, பதில் வரும்வரை பழைய விலையே செல்லும் என்று என் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மழை இல்லை என்று எழுதியிருக்கலாம். கரிசல் காட்டில் அது எதற்கும் பொருந்தும். ஆனால் பலகையில் ஆறு மாதமாகவே முப்பத்திநாலுதான். மழையைச் சொன்னால் அந்த ஆறு மாதமும் இருபத்தாறுதான் என்று ஆகிவிடும், அவளுக்கு வர வேண்டிய நிலுவையும் போய்விடும். எனக்கு வெட்கமாக இருந்தது. கடைக்காரர்கள் குறைத்துச் சொன்னார்கள், நான் பலகையைப் பார்க்கவில்லை என்று உள்ளதை எழுதினேன்.

நிலுவை வந்தது. பானு வகுப்பில் சேர்ந்தாள். எனக்கு ஆறு மாதம் இன்கிரிமென்ட் நின்றது.

கேள்விப்பட்டதும் அமுதவள்ளிக்குத் தாங்கவில்லை. "ஏங்க, இனிமே இவியளுக்கு மட்டும் பருப்பு இருபத்தாறுதான்" என்று என்னைக் காட்டிக் கணவரிடம் சொன்னாள். வன்னியபெருமாள் ஒரு கிலோ நிறுத்துப் பொட்டலம் கட்டினார்.

"முப்பத்திநாலே எடுத்துக்கிடுங்க, அண்ணாச்சி," என்றேன். "இருபத்தாறுக்கு வாங்குனா அதையும்லா நான் எழுதணும்!"