சில்வா வீட்டுச் சிங்கம்

எங்கள் ஊர்ச் சந்தையில் நின்று "சில்வா!" என்று குரல் கொடுத்தால் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பாதவர்களும் சில்வாக்கள்தான், அவர்களுக்கு அலுத்துப்போய்விட்டது. போர்ச்சுகல் முழுக்க இந்தப் பெயர் மலிவு என்றாலும், மின்யோ பக்கம் எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகப்படி. அதனால் யாரும் யாரையும் குடும்பப் பெயரால் அழைப்பதில்லை. எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. நான் காப்பிக்கடை செலெஸ்த். மீன் விற்பவர் கொட்டாவி ஜொவாகிம். என் பெரியப்பா மகன் எர்மீனியு அண்ணன், பல்லி எர்மீனியு. கூரை ஓடு மாற்றும் வேலை செய்த பெரியப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறுவார். அப்பாவின் பட்டம் மகனுக்கு வந்து சேர்ந்தது.

எர்மீனியு அண்ணன் இளவயதிலேயே பிரான்ஸுக்குப் போனார். அங்கே கட்டட வேலையில் ஒரே குழுவில் ஏகப்பட்ட சில்வாக்கள் இருந்ததால், மேஸ்திரி இவரை 'நாலாம் நம்பர் சில்வா' என்றுதான் கூப்பிடுவாராம். அந்தக் காயத்தோடும் கை நிறையச் சம்பாத்தியத்தோடும் ஊர் திரும்பினார். மூன்று மாடி வீடு கட்டினார். அதன்பிறகு லிஸ்பனிலிருந்து டாக்டர் நொரோன்யா என்ற ஒருவரை வரவழைத்தார். அந்த டாக்டர் நோய்க்கு மருந்து தருபவர் அல்ல, குடும்பங்களுக்கு முன்னோர்களைத் தேடித் தருபவர். எவ்வளவு பெரிய முன்னோர் வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் தேடவே தொடங்குவார் என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை அண்ணன் என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"செலெஸ்த், உனக்கு விஷயம் தெரியுமா? நம்ம பேரு ரோமாபுரிக்கும் முந்தின பேரு. ராஜ வம்சம்."

"அப்பிடியா அண்ணே? நம்ம தாத்தா கழுதை மேல உப்பு மூட்டை ஏத்தி வித்தாரே, அப்ப கிரீடத்த எங்க கழட்டி வச்சிருந்தாரு?"

"தாத்தாவ விடு. நடுவுல குடும்பம் கொஞ்சம் நொடிச்சுப்போச்சு."

"கொஞ்சமா? ரெண்டாயிரம் வருஷமால்ல நொடிச்சிருக்கு!"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

"சில்வான்னா லத்தீன்ல காடு. பெரிய வனம்! அதுல சிங்கம் இருந்திருக்கு. நம்ம வம்சத்துச் சின்னமே சிங்கம்தான்."

"நம்ம ஊர்ப் பேச்சுல சில்வான்னா முள்ளுக்கொடிதானே அண்ணே. போன வாரங்கூட உங்க வேலியில படர்ந்ததுதான் என் பாவாடைய கிழிச்சு வுட்டுது."

"உங்கிட்ட வந்து சொன்னேன் பாரு," என்று கிளம்பிவிட்டார்.

வாசலில் வைக்கக் கருங்கல் சிங்கம் ஒன்று செதுக்கச் சொல்லி கல்தச்சர் டொமிங்கோஷிடம் வேலை கொடுத்தார். டொமிங்கோஷ் அதுவரை கல்லறைகளுக்குத் தேவதைகள் மட்டுமே செதுக்கியவர். சிங்கத்தை நேரில் பார்த்ததில்லை. சிங்கம் வந்து சேர்ந்தபோது அதற்குத் தேவதையின் உப்பிய கன்னமும், மழையில் நனைந்த நாயின் முகமும் இருந்தன. அண்ணி ஒதெத் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ராத்திரியில குரைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கத் திறப்பு விழா நடந்தது. நகரசபைத் தலைவர், பாதிரியார் அன்செல்மு, டாக்டர் நொரோன்யா, இன்னும் நாலைந்து பெரிய மனிதர்களுக்கு விருந்து. எனக்கும் அழைப்பு வந்தது. சமைப்பதற்கு. வெள்ளாட்டுக் குட்டியை அடுப்பில் வாட்டி, அதன் சாறு சொட்டச் சொட்டக் கீழே அரிசி வேகவைத்திருந்தேன். பரிமாற என்னோடு வந்தவர்கள் ஜொவாகிமின் மனைவியும் அவள் தங்கையும். இருவரும் சில்வாக்கள்.

முதல் வட்டம் ஒயின் முடிந்ததும் அண்ணன் கோப்பையோடு எழுந்தார். குரல் அடுக்களை வரை கேட்டது.

"இந்த ஊர்ல எவனைப் பாத்தாலும் சில்வாங்கிறான். அதெல்லாம் ஒட்டுப் பேருங்க. கோயில் வாசல்ல போட்டுட்டுப் போன அநாதை, கப்பல்ல வந்த அடிமை, பயந்து மதம் மாறினவன்... ஞானஸ்நானத்தப்ப அவனுங்களுக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு தெரியாம அந்தக் காலத்துப் பாதிரிமாருங்க சில்வான்னு எழுதி வுட்டாங்க. அசல் சில்வா இந்த ஊர்ல ஒரே வீடுதான்!"

பாதிரியாரின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. அவரும் சில்வா. அடுக்களையில் ஜொவாகிமின் மனைவி தட்டுத் துடைப்பதை நிறுத்தினாள். அவளுடைய கொள்ளுப்பாட்டி கோயில் வாசலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. அது ஊருக்கே தெரியும். யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன்.

கறித் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"அண்ணே, ஒரு சந்தேகம். உங்க அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. நான் அசலா, ஒட்டா?"

"நீ... நீ பொண்ணு செலெஸ்த். கட்டிக்கிட்டுப் போற எடத்துப் பேருதான் ஒனக்கு."

"என் வீட்டுக்காரரும் சில்வாதானே!"

நகரசபைத் தலைவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் அசட்டுத்தனமாகச் சிரித்து, "சரி சரி, கறிய வை," என்றார்.

நான் வைக்கவில்லை. "இது ஒட்டுச் சில்வா சமைச்ச கறி. ராஜாக்களுக்கு ஒத்துக்காது," என்று சொல்லி, தட்டோடு அடுக்களைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். நாங்கள் மூவரும் எலும்பு வரை சுவைத்துச் சாப்பிட்டோம். ரோமாபுரிக்கும் முந்தின வம்சமும் அதன் விருந்தாளிகளும் வெறும் ரொட்டியையும் ஆலிவ் காய்களையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாளே டொமிங்கோஷிடம் போய் என் கடை வாசலுக்கு ஒரு சிங்கம் சொன்னேன். "நானும் சில்வாதான். உனக்குச் சல்லிசா போட்டுத் தர்றேன்," என்றார். ஜொவாகிம் தன் மீன் வண்டிக்கு ஒன்று சொன்னார். கல்லறைத் தோட்டக் காவலாளி ஒன்று. பாதிரியார் தன் கோழிக்கூட்டின் மேல் வைக்கச் சின்னதாக ஒன்று வாங்கிப்போனார். இலையுதிர் காலத்துக்குள் எங்கள் தெருக்களில் மனிதர்களைவிடச் சிங்கங்கள் அதிகம். செதுக்கிச் செதுக்கி டொமிங்கோஷுக்குக் கை தேர்ந்துவிட்டது. பிந்தி வந்தவை பிடரியும் பல்லுமாகக் கம்பீரமாக இருந்தன. கோழிக்கூட்டுச் சிங்கத்தைப் பார்த்தாலே பயம் வரும். ஊரிலேயே மோசமான சிங்கம் முதலில் செய்த அந்தச் சிங்கம்தான்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சிங்கம் தன் குடும்பத்துக்கு மட்டுமே சொந்தமென்று நகரசபையில் புகார் கொடுக்கப் போனார். அங்கே நடந்ததை நகரசபைக் குமாஸ்தாப் பெண்ணே என் கடையில் வந்து நடித்துக் காட்டினாள்.

"பேரு?"

"எர்மீனியு த சில்வா."

"எந்த சில்வாங்க?"

"அசல் சில்வா."

"அப்பிடி யாரும் இல்லியே... ஊர்ல உங்கள எப்பிடிச் சொல்லுவாங்க?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, முனகுகிற குரலில் சொன்னாராம்: "பல்லி."

"அட, பல்லி வீட்டுக்காரரா! மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

புகாரைக் கொடுக்காமலே வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்தார். விருந்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காப்பி வைத்தேன். சர்க்கரையைப் போட்டு வெகுநேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"பிரான்ஸ்ல நம்பர் போட்டுக் கூப்பிடுவான் செலெஸ்த். பேரு வச்சுக்கிட்டும் பேரு இல்லாதவன் மாதிரி. அது ஒனக்குப் புரியாது."

எனக்குப் புரிந்தது. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

"வலிக்கும்ணே. தெரியுது. அன்னிக்கு அடுக்களையில தட்டுத் துடைச்சுக்கிட்டு நின்னாளே, அவளுக்கு நீங்க நம்பர்கூடப் போடல."

மன்னிப்புக் கேட்பார் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், அசடு நான். காப்பியைக் குடித்து முடித்தார். என் வாசல் சிங்கத்தை ஏக்கத்தோடு பார்த்தார்.

"டொமிங்கோஷ் இது மாதிரி எனக்கு ஒண்ணு புதுசா செஞ்சு தருவானா? நீ கொஞ்சம் சொல்லிப் பாரேன்."

சொல்லிப் பார்த்தேன். டொமிங்கோஷ் இப்போது பக்கத்து ஊர் சில்வாக்களுக்குச் செய்துகொண்டிருக்கிறார். அண்ணனை வரிசையில் சேர்த்திருக்கிறார். குளிர்காலம் முடிவதற்குள் கிடைத்துவிடும் என்கிறார்.