கிராணியின் வெள்ளைக் கோட்டு

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்து இரண்டாவது வருஷம் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, காஜா பெராங்கில் எங்கள் சந்தின் சார்பாக டோபி அப்பாசாமி நின்றார். சுயேச்சை. அவருக்குக் கிடைத்த சின்னம் குடை. மழையே காணாத மாதத்தில், தண்ணீர் கேட்க வந்த மனிதருக்குக் குடை.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சந்து முனையில் இருந்த பொதுக்குழாய் பாதி நாள் காற்றைத்தான் கக்கும். அதில் ஒழுங்காகத் தண்ணீர் வர வேண்டும். "மொதல் கோரிக்கை பைப்புன்னு போடுங்க" என்றார். நோட்டீஸ் எழுத உட்கார்ந்த எங்களுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. நாடே சுதந்திரம் வாங்கியிருக்கிறது, இவர் குழாய் கேட்கிறாரே. ஆகவே கல்வி, தொழிலாளர் நலம், இன ஒற்றுமை என்று தடித்த எழுத்தில் போட்டுவிட்டு, குழாயை அச்சகத்தின் பெயருக்கு மேலே பொடி எழுத்தில் செருகினோம். எங்களில் கல்வியை முடித்தவர் யாரும் இல்லை. ஒற்றுமையைப் பொறுத்தவரை, அந்த நோட்டீஸை எழுதும்போதே இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்பாசாமி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைப்பு எங்க?"

"கீழ இருக்குண்ணே."

"சரி. மேடையில நான் அதத்தான் மொதல்ல பேசுவேன்."

மேடை என்றதும் எங்களுக்கு அடுத்த கவலை வந்தது. வேட்பாளர் என்றால் கோட்டு வேண்டுமே. ஊரார் கோட்டையெல்லாம் வெளுக்கிறவரிடம் சொந்தமாக இருந்தவை இரண்டு பனியன்கள்.

கூட்டத்துக்குத் தலைமை தாங்க, பண்டார் ஹிலிரில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கலியாணசுந்தரத்தைப் பிடித்திருந்தோம். தலைமை தாங்குவதற்கென்றே அவர் தம் வெள்ளைக் கோட்டை அப்பாசாமியிடம் வெளுக்கக் கொடுத்திருந்தார். கூட்டத்தன்று காலையில் அப்பாசாமி அவரிடம் போய், "ஐயா, மூணு நாளா பைப்புல சொட்டுத் தண்ணி இல்ல. கோட்ட நனைக்கவே முடியல" என்றார். அவருக்குத் தெரிந்தவரை அது உண்மை.

"பரவாயில்ல, நான் சட்டையோட வரேன். இதையே மேடையில சொல்லு" என்றார் கிராணி.

ஓட்டுக் கேட்டு அலைந்துவிட்டு மத்தியானம் அப்பாசாமி வீடு திரும்பியபோது, கோட்டு வெளுத்து, கஞ்சி போட்டு, இஸ்திரியாகித் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள் அவர் மனைவி பாக்கியம்.

கொடுத்திருப்பார். நாங்கள்தான் குறுக்கே விழுந்தோம்.

"சட்டையோட வரேன்னு அவரே சொல்லிட்டாரு. வெள்ளைக் கோட்டுல பேரா எழுதியிருக்கு? ஒரு மணி நேரம்தானண்ணே."

யார் கோட்டில் எந்த மாப்பிள்ளை தாலி கட்டினான் என்பது ஒரு டோபிக்குத் தெரியாததல்ல. போட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவரும் மயங்கினார், நாங்களும் மயங்கினோம்.

சாயங்காலம் திடலில் நல்ல கூட்டம். எங்கள் சந்து ஒரு பக்கம், அடுத்த குடியிருப்பான செட்டிக் கம்பத்து ஆட்கள் இன்னொரு பக்கம். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் அவர்கள் கும்பிடுவது எங்கள் சாமியைத்தான், பேசுவது மலாய். அதனால் எதையும் இரண்டு தடவை சொல்வதென்று ஏற்பாடு. தலைவர் நாற்காலியில் சட்டையோடு உட்கார்ந்த கிராணி, வேட்பாளரை நிமிர்ந்து பார்த்தார். கோட்டின் மூன்றாவது பித்தானில் அவர் பார்வை நின்றது. அது மட்டும் கறுப்பு நூலில் தைத்தது, தைத்தவர் அவரே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எனக்கு மொதல் விசயம் பைப்பு" என்று ஆரம்பித்தார் அப்பாசாமி. "மூணு நாளா நம்ம சந்துல தண்ணி இல்ல. ஒரு துணி நனைக்க முடியல." அதையே செட்டிக் கம்பத்தார் பக்கம் திரும்பி, "ஆயர் தாக் அடா" என்றார்.

முன்னால் குந்தியிருந்த லாரி கிளீனர் தேவதாஸ் கையைத் தூக்கினான். "ஒரு சந்தேகம்ணே. தண்ணியே இல்லன்னா அந்தக் கோட்டு எப்படி இப்படி வெளுத்துச்சு? எச்சி தொட்டா?"

எங்கள் பக்கம் சிரித்தது. அவருடைய கமிட்டிக்காரர்களான நாங்களும் சிரித்தோம். யாரோ அதை மலாயில் சொல்ல, சற்றுத் தாமதித்து அந்தப் பக்கமும் சிரித்தது. ஒரே அவமானத்தை மனிதர் இரண்டு மொழியில் வாங்கினார்.

அப்பாசாமி கோட்டுக் கையை முகத்தருகே தூக்கி, அப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் பாக்கியத்தைத் தேடினார்.

கெபாயாச் சட்டை போட்ட செட்டி அம்மாள் ஒருத்தி எழுந்து, பாக்கியத்தைக் காட்டி மலாயில் சத்தமாகச் சொன்னாள். அந்தப் பெண் விடியற்காலையிலிருந்து தங்கள் கம்பத்துக் கிணற்றில் இறைத்தாளாம். இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்துகொண்டு, போவதும் வருவதுமாக இருந்தாளாம். இவருடைய மனைவி என்பது இப்போதுதான் தெரிகிறதாம்.

"பாக்கியம், நெசமா?" என்று மேடையிலிருந்தே கேட்டார்.

"இங்க வச்சா கேக்கணும்?" பாக்கியம் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "துணி எப்படி வெளுத்துச்சுன்னு நீங்க நெனச்சே பாக்கல. இருக்கட்டும், பேசுங்க."

அப்பாசாமி பித்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மூன்றாவது பித்தான் மட்டும் வராமல் கொஞ்சம் மல்லுக்கு நின்றது. உள்ளே பனியன், முதுகில் ஓட்டை.

"இது தலைவரோட கோட்டு. கேக்காம போட்டுட்டேன்" என்றார். "எனக்கு வேண்டியது பைப்புதான். ஆனா என் வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேக்கல. எனக்கு ஓட்டுப் போடறது ஒங்க இஷ்டம்."

அதை மலாயில் கிராணிதான் எழுந்து சொன்னார். தமக்காக மன்னிப்புக் கேட்பவர் போல மெதுவாகச் சொன்னார். இந்த முறை இரண்டு பக்கமும் சிரிக்கவில்லை.

மடித்து நீட்டிய கோட்டைக் கிராணி வாங்கி, காலரைத் திருப்பிப் பார்த்து, திரும்ப அவர் கையிலேயே வைத்தார்.

"வேர்வை பட்டிருக்கு, அப்பாசாமி. வெளுத்துக் குடு. அவசரமில்ல. பைப்புல தண்ணி வரட்டும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். தலையைக் கவிழ்த்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். நாங்கள் வழி விட்டோம். கமிட்டி என்று அன்று நாங்கள் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

மறுநாள் காலையில் நாங்கள் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, செட்டிக் கம்பத்துப் பக்கமிருந்து அப்பாசாமி வந்தார். தோளில் காண்டாக் கம்பு, இரு முனையிலும் டின். பழக்கமில்லாத நடையில் பாதித் தண்ணீர் ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பாக்கியம் வெறுங்கையோடு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வேறொரு நாளாக இருந்தால் அந்த நடைக்கு ஒரு வாரம் சிரித்திருப்போம். அவர்கள் கடந்து போகும்வரை தேவதாஸ் உட்பட எல்லோரும் குனிந்து சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதிலும் தண்ணீர் இல்லை.