முந்நூறு பேர்

நகரசபையிலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து வாசல்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அருங்காட்சியகம், இசையரங்கம், நூலகம், இந்த மூன்றில் ஒன்றுக்கு இனிமேல் நகரசபையின் உதவி கிடையாது; எதற்கு என்பதை அதிகாரி நேரில் வந்து சொல்வார். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான். அருங்காட்சியகத்தின் காப்பாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"நமக்கென்னம்மா பயம்? தினம் முந்நூறு பேர் வர்ற இடத்துல யாராவது கை வைப்பாங்களா?"

அவளுக்குப் பயமே அந்த முந்நூறுதான். முந்நூறு பேரையும் பெற்றெடுத்தவள் அவள்தானே!

பதினாறு வருடமாக வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அனுமதி இலவசம். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் கையிலிருக்கும் சின்னக் கருவியின் பொத்தானைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்த வேண்டும்; மாலையில் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். நாட்டிலேயே முதலில் ஓடிய தீயணைப்பு வண்டி இந்தக் கூடத்தில்தான் நிற்கிறது. அதைப் பார்க்க ஆள் வரவில்லை என்றால் ஊருக்கே அவமானம் இல்லையா? பக்கத்து நகரத்து அருங்காட்சியகத்துக்கு இருநூறு பேர் வருகிறார்களாம் என்று ஒருநாள் காப்பாளர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைக்கும் ஒரு அழுத்து அழுத்தினாள். கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்தவனுக்குப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. பிறகு மழை நாட்களில் சும்மா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டே அழுத்தினாள். விரல் ருசி கண்டுவிட்டது. அடுத்த மாதமே பக்கத்து ஊரை முந்தியாயிற்று, காப்பாளரும் ஒரு நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இப்போது மாட்டிக்கொண்டால்? வேலை போகும். பொய்க்கணக்கு எழுதியவள் என்று தெருவில் தலைகாட்ட முடியாது. அதையும் தாங்கிக்கொள்ளலாம். தன்னால் இந்தக் கட்டடத்துக்குப் பூட்டு விழுந்தால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பது?

அதிகாரி காலை பதினொரு மணிக்கு வந்தாள். மெலிந்த, அவசரக்காரப் பெண். தீயணைப்பு வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பதிவேட்டைப் புரட்டினாள். கூடத்தில் ஒரு கிழவர் மட்டும் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"காலையில கொஞ்சம் கம்மிதான் மேடம்," என்றார் காப்பாளர்.

"பரவால்ல. இசையரங்கத்துக்கு நூறு பேர், நூலகத்துக்கு எண்பது பேர். உதவிய நிறுத்தினா அவங்க பிழைக்க மாட்டாங்க. உங்களுக்கு முந்நூறு பேர் வர்றாங்க. டிக்கெட் போடுங்க, உங்க செலவ நீங்களே பாத்துக்கலாம். அடுத்த மாசத்துலேருந்து உதவி கிடையாது. இதுல கையெழுத்துப் போடுங்க."

வாசல்காரம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். கூட்டத்தைக் காட்டினால் காப்பாற்றலாம் என்று நினைத்தாள். அந்தக் கூட்டமே குழி தோண்டிவிட்டது. கட்டைவிரலால் டிக்கெட் விற்க முடியுமா? காப்பாளர் பேனாவை எடுத்துவிட்டார். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லிப் பயனில்லை.

"மேடம்," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னாள். "மேடம், முந்நூறு இல்ல. நான்தான் சும்மா சும்மா அழுத்திட்டேன். நெசமா வர்றது முப்பது பேர்தான். அவர் மேல தப்பில்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி பதிவேட்டை மூடினாள். கோபமே படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"முப்பது பேருக்காக இவ்வளவு பெரிய கட்டடமா? அப்போ டிக்கெட்டும் வேணாம், உதவியும் வேணாம். இன்னைக்கே பூட்டிடலாம். சாவிய வாங்கிட்டுப் போறேன். நீங்க சொல்லுங்க சார், முந்நூறா முப்பதா?"

காப்பாளர் வாசல்காரம்மாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"டிக்கெட் வந்தா வேலை போயிடுமோன்னு அவங்களுக்கு பயம் மேடம். அதான் வாய்க்கு வந்தத உளர்றாங்க. முந்நூறுதான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிகாரி இன்னொரு தடவை பதிவேட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கார் திரும்பும்வரை சிரித்த முகமாக நின்றவர், அது மறைந்ததும் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? நான்தான் உண்மையச் சொல்லிட்டேனே!"

"எனக்கென்ன கண்ணு இல்லையாம்மா? இதே கூடத்துலதானே நானும் நடக்கறேன்? நீங்க ஏத்தி எழுதறீங்கன்னு எனக்கு என்னைக்கோ தெரியும். படிக்க நல்லா இருந்துது, விட்டுட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முப்பதுன்னு ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் பூட்டு தொங்கும். டிக்கெட்னா மூணு மாசமாவது இழுத்துப் பிடிக்கலாம். அந்த முப்பது பேரை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். அவங்க ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா, அப்படி இப்படின்னு சமாளிச்சிடலாம்ல?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னம்மா? முப்பது பேர் வர்றாங்கதானே?"

"சார்... வெளியாள் முன்னாடி நம்ம மானம் போகக் கூடாதேன்னு அதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்."

"எவ்வளவு?"

"நேத்து ஏழு பேர், சார்."