நொச்சி நின்ற கொல்லை

கொல்லைக் கதவைத் திறந்த நஃபீசா பீவிக்கு மூச்சே நின்றுவிட்டது. எதிரே பாண்டி பஸ்! ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எவனோ ஒருத்தன் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே போனான்.

படாரென்று கதவைச் சாத்தினாள். காலையில்கூட அந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் நொச்சியும் ஆடாதோடையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றனவே! திண்டிவனத்தில் கொல்லை ரோட்டை ஒட்டி வரும்படி வீடு அமைந்ததும், மதிலுக்குப் பதிலாக அவளே நட்டு வளர்த்த மறைப்பு. கணவர் அப்துல் மாலிக் மவுத்தாகி, கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு ஒதுங்கியிருக்கும் இத்தாவை அவள் தொடங்கிய பிறகு, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் கொஞ்சம் வெயிலும் காற்றும் அவளுக்குக் கிடைத்தது அந்தச் செடிகளுக்குப் பின்னால்தான். இத்தா முடிய இன்னும் எத்தனையோ வாரம் கிடக்கிறது.

மத்தியானம் மெஷின் சத்தம் கேட்கத்தான் கேட்டது. பக்கத்து மனையில் முள் வெட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஆம்பளைக் குரல்கள் கேட்கும்போது எட்டிப் பார்க்க முடியுமா என்ன?

வாசல் திரைக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் ஹக்கீமின் குரல் கேட்டது. "அண்ணி, கொல்லையப் பாத்தீங்களா? அண்ணனோட நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்கு பிரியாணி தேக்சா வைக்க எடமில்லாம காடா கெடந்துச்சு. ஆள வுட்டு ஜல்தியா மொட்டையடிச்சிட்டேன். இனிமே பாம்பு கீம்பு அண்டாது."

"யாரக் கேட்டு வெட்டுனீங்க தம்பி?"

"துக்கத்துல இருக்கீங்க, தொந்தரவு வேணாம்னுதான்... சும்மா மொளச்ச செடிதான?"

"நான் நட்ட செடி! பாம்பு வந்தா உள்ள ஓடிடுவேன். இப்ப பஸ்ஸு பூரா என் மூஞ்சியப் பாத்துக்கினு போவுதே, நான் எங்க ஓடுறது?"

அவன் செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போய், அங்கேயே நின்றது.

"யா அல்லாஹ்! ரோட்டுக்கு அந்தாண்ட டீக்கடைல கிளாஸ் கழுவறது வரைக்கும் தெரியுதே!" சாத்திய கதவுக்கு வெளியே அவன் குரல் கம்மியது. "வேரு இருக்குது அண்ணி. நொச்சி திரும்பத் தழைச்சிடும்."

"தழைக்கும், தழைக்கும். நான் இத்தா முடிஞ்சி பஜாரு சுத்திட்டு வந்தப்புறம் தழைக்கும்!"

சற்று நேரம் கழித்து அவன் போனில் பேசுவது கேட்டது. "பந்தல்கார சிகாமணிண்ணனா? விழுப்புரத்துலேந்து வரும்போது தடுப்புத் துணி கொண்டாங்க. கொல்லையச் சுத்திக் கட்டணும், நல்லா ஒசரமா... இல்லண்ணே, பாத்திஹா முடிஞ்சாலும் அவுக்கக் கூடாது... எத்தினி நாளைக்கா? எங்க அண்ணி போதும்னு சொல்ற வரைக்கும்."