அவர்தான் சொல்றார்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. மருத்துவமனை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், சீட்டு எழுதும் நர்ஸிடம், "எனக்கு ஒண்ணுமில்லை. வலிப்பு வந்துச்சுன்னு அவர்தான் சொல்றார்," என்றாள். அந்த 'அவர்' பையோடு பக்கத்தில் நின்றார். அவள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருடனைக்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

'ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கண்கள் செருகி, கைகால்கள் —'

இல்லை, அடித்துவிட்டேன். இதை அவள் பார்க்கவில்லையே. அவள் பக்கத்திலேயே நின்று கதை சொல்கிற நான், அவளுக்கு நினைவு தப்பியபோது மட்டும் எப்படி விழித்திருக்க முடியும்? அவளுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கையில் தலையணை உறை இருந்தது. பிறகு தரையில் கிடந்தாள். உடம்பு அடித்துப் போட்டாற்போல் வலித்தது. கணவர் முகம் வெளிறி நின்றார்.

நடுவில் நடந்ததற்கு அவர் ஒருவரே சாட்சி.

3

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். (முதலில் தையல்காரியாக எழுதினேன். அப்போது ஆபத்து அவளுக்கு மட்டும்தான், கதை நொண்டியது.) சொந்த வேன். வாங்கிய நாளிலிருந்தே அது கணவர் கண்ணை உறுத்தியது. போன வாரம்கூட, விட்டுத் தொலை என்று பெரிய சண்டை. இந்த வாரம் வலிப்பாம். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"மயக்கம்தான். காலையில சாப்பிடல."

"கை காலெல்லாம் இழுத்துச்சும்மா. டாக்டரைப் பார்த்துடலாம்."

"பார்த்தா வண்டி ஓட்டக்கூடாதும்பாங்க. உங்களுக்கு அதுதானே வேணும்?"

நாக்கின் ஓரம் எரிந்தது. சூடான டீ என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். டீக்குப் பல் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

4

திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள், எங்காவது உளறுவார் என்று. ஒப்பித்ததுபோல் ஒரே மாதிரி சொன்னார். சந்தேகம் இன்னும் கூடியது. (எனக்கும்தான். நல்ல மனிதராகத்தான் இவரை எழுத ஆரம்பித்தேன்.)

"சரி, நான் இழுத்துக்கிட்டுக் கிடந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

அவர் கதவைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"பயந்துட்டேன். வெளிய போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். சத்தம் நின்னப்புறம்தான் வந்தேன். உன்னைத் தொடக்கூட இல்ல."

கதை கட்டுகிறவன், அவளைத் தாங்கிப் பிடித்ததாக அல்லவா கட்டுவான்? அதே தொழிலில் இருக்கும் எனக்கு உடனே புரிந்தது. அவளுக்கும் புரிந்தது. அவர்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது.

"கிளம்புங்க," என்றாள். "பஸ்ல போவோம்."

5

நர்ஸிடம் சொன்னதைத்தான் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டீர்கள். (வீம்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.) உள்ளே டாக்டர் நாக்கைப் பார்த்தார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வலிப்பு மாதிரிதான் தெரியுது. டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம். நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

அவள் கணவரைப் பார்த்தாள். சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒரு முடிவு: "வேன் ஓட்டறேன்." சாவி ஆணியில் தொங்கிவிடும், அவள் —

இன்னொரு முடிவு: "வீட்லதான் இருக்கேன்." நாளைக் காலை வாசல் வாசலாக ஹாரன் —

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும், வேனின் கடைசி இருக்கையில் உங்கள் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.